சோனிக் ஜெனரேஷன்ஸ்: குட்டி சோனிக் ஓடுகிறான், பெரிய சோனிக் முட்டிக்கொண்டே இருக்கிறான்

வேகத்தடை:

எல்லாருக்கும் வணக்கம். தள்ளுபடியில் வந்ததே என்று, செகாவின் நீல முள்ளெலி சோனிக்கின் பழைய ஜெனரேஷன்ஸையும் ஷேடோ என்ற இன்னொரு முள்ளெலியின் புது கேமையும் சேர்த்துத் தந்த சோனிக் எக்ஸ் ஷேடோ ஜெனரேஷன்ஸ் வாங்கிப் போட்டேன். இரண்டு வாரமாக வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறேன். ஷேடோ பக்கத்தை இன்னும் தொடவே இல்லை, 2011-ல் வந்த பழைய ஜெனரேஷன்ஸ் பகுதியை முதலில் முடித்துவிடலாம் என்று பார்த்தால் அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் கதை இதுதான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் செகா மெஷின் எல்லாம் கிடையாது, மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு சோனிக் 1, சோனிக் 2 இரண்டையும் கீபோர்டில் ஆடித் தேய்த்ததுதான் மொத்த அனுபவம். அதற்குப் பிறகு வந்த 3டி சோனிக் எதையும் தொட்டதில்லை. சோனிக் 1-ன் முதல் லெவலான க்ரீன் ஹில்லில் முதல் ஆக்ட், அதாவது முதல் பகுதி மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், எந்தப் பனைமரம் தாண்டினால் வண்டு வரும், எந்தக் கல்லில் ஏறினால் மேல்வழிக்குப் போகலாம் என்று. அதனால் இந்த கேமில் தொப்பை வைத்த குட்டி சோனிக்கை (பழைய 2டி சோனிக், கிளாசிக் என்கிறார்கள்) வைத்து ஆடும் முதல் ஆக்ட் எனக்குச் சொந்த ஊருக்கு பஸ்ஸில் போகிற மாதிரி இருந்தது. புதுசாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கேமரா நடுவில் கொஞ்சம் திரும்புகிறது, மற்றபடி ஊர் அதே ஊர்.

இரண்டாவது ஆக்ட் வருகிறது. அதே லெவலில் பச்சைக் கண் வைத்த நெட்டை சோனிக், மாடர்ன் என்கிறார்கள். பூஸ்ட் பட்டனை அமுக்கினேன், சர்ரென்று கிளம்பினான், மூன்று நொடியில் முள். ரிங் எல்லாம் சிதறியது. மறுபடி அமுக்கினேன், இந்த முறை வளைவில் திரும்பாமல் நேராகப் பள்ளம். அப்புறம் ஒரு குகைக்குள் போனேன், என்னவோ ஒன்று துரத்தியது, என்னவென்று பார்ப்பதற்குள் செத்துப்போனேன். எப்படியோ தட்டுத்தடுமாறி முடித்ததற்கு சி ராங்க் கொடுத்தது. என் மனைவி பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "நீங்க ஆடுறீங்களா, அது ஆடுதா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

இப்போது சந்தேகம். ஒன்று, மாடர்ன் ஆக்டை இப்படித்தான் ஆடவேண்டுமா, இல்லை எனக்கு வயசாகிவிட்டதா? இரண்டு, இதை எந்தக் கணக்கில் "அதே க்ரீன் ஹில்" என்கிறார்கள்? செக்கர்போர்டு மண்ணும் பனைமரமும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு வழிகூட இல்லையே. பழைய லெவலைத் திரும்பத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அதன் சட்டையை மட்டும் வேறொருத்தனுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. மேலே தொடரலாமா, இல்லை பேசாமல் பழைய 2டி பாணியில் செய்த சோனிக் மேனியா வாங்கிவிடலாமா?


பச்சைமலை:

தம்பி, முதல் வேலையாக பூஸ்ட் பட்டனிலிருந்து விரலை எடுங்கள். அது ஆக்ஸிலரேட்டர் இல்லை. கீழே அந்த அளவுகோல் இருக்கிறதே, ரிங் பொறுக்கினாலும் எதிரியை அடித்தாலும் ஏறும், அமுக்க அமுக்க இறங்கும், அதை ஒரு சேமிப்பு மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். எதிரே நேர்கோட்டில் பாதை தெரிகிறதா, வரிசையாக எதிரிகள் நிற்கிறார்களா, அப்போது அமுக்குங்கள், இடித்துக்கொண்டே போவான், இடித்ததற்குக் கூலியாக அளவுகோலும் நிரம்பும். வளைவு வருகிறதா, விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் இரண்டு தோள் பட்டன்களைத் தொட்டே பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டே இடம் வலம் ஒரு தடம் மாறுவதற்கு அதுதான். குச்சியை வைத்துத் திருப்ப முயற்சி செய்தால் அந்த வேகத்தில் நிச்சயம் பள்ளம்தான். கூர்மையான வளைவுக்கு ட்ரிஃப்ட் தனியாக இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள பட்டன்.

இந்த பூஸ்ட் விவகாரம் 2005-ல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த சோனிக் ரஷ்ஷில் ஆரம்பித்தது. அதை 3டி-யில் கொண்டுவந்தது 2008-ல் சோனிக் அன்லீஷ்ட். ஜெனரேஷன்ஸ் அந்த அன்லீஷ்டின் எஞ்சினிலேயே ஓடுகிற கேம், ஹெட்ஜ்ஹாக் எஞ்சின் என்பார்கள். நீங்கள் நடுவில் இருக்கும் பத்தொன்பது வருஷ கேம்களை ஆடவில்லை, அதனால் ஒரே தாவலில் 1992-லிருந்து 2011-க்கு வந்து விழுந்திருக்கிறீர்கள். முட்டத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டு கவனிக்காமல் போய்விட்டீர்கள். க்ரீன் ஹில் மனப்பாடம் என்கிறீர்கள். ஏன் மனப்பாடம்? செகாவின் பழைய மெஷினான மெகா டிரைவில் திரையின் அகலம் 320 புள்ளிதான், சோனிக் கிட்டத்தட்ட நடுவில் நிற்பான், அதாவது முழு வேகத்தில் போகும்போது எதிரே அரைத் திரைதான் தெரியும். அப்போதும் முள் கண்ணில் படுவதற்குள் மோதியாகிவிடும். முதல் நாள் மாமா வீட்டில் எத்தனை முறை மோதினீர்கள் என்று இப்போது ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். அந்த கேமின் வேகமே தெரிந்த பாதையில் வருகிற வேகம். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற டிரைவரைப் பாருங்கள், புதுசாகப் போகிறவன் முதல் கியரில் உருட்டும் இடத்தில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே திருப்புவார். மாடர்ன் ஆக்டும் அதே சங்கதிதான், நீங்கள் இன்னும் அந்த ரூட் பஸ் டிரைவர் ஆகவில்லை.

அப்புறம் அந்தக் குகை. உங்களைத் துரத்தியது யார் தெரியுமா? சோனிக் 1-ல் மரப்பாலத்துக்கு அடியிலிருந்து துள்ளித் துள்ளி வரும் சின்ன இரும்பு மீன், சாப்பர், அதேதான். பாலத்தில் எந்த நேரத்தில் நடந்தால் அது கடிக்காது என்று எண்ணிக்கொண்டு நின்றிருப்பீர்களே. இங்கே அது லாரி அளவுக்கு வளர்ந்து, நீங்கள் ஓட ஓட பாலத்தைக் கடித்துத் தின்றுகொண்டே பின்னால் வருகிறது. பாலம் அதே, மீன் அதே, பயம் அதே. பார்ப்பதற்குள் செத்துப்போனீர்கள் என்பதுதான் வருத்தம். அடுத்த முறை அங்கே மட்டும் பூஸ்ட் போடாமல் சும்மா ஓடிப் பாருங்கள், சாகிறதானாலும் பார்த்துவிட்டுச் சாகுங்கள்.

ராங்க் பற்றிக் கவலை வேண்டாம். சாகாமல் ஓரளவு வேகமாக முடித்தாலே உச்ச ராங்கான எஸ் வந்துவிடும், இந்த விஷயத்தில் இந்த கேம் தாராளம்.


பழைய கேசட்:

பச்சைமலை சொன்னதற்கு மேல் ஆடுவது பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. "சட்டையை மட்டும் மாட்டிவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் முதல் முறை ஆடியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன், பாதி கேம் தாண்டியதும் தலைகீழாக மாறிவிட்டது.

ஒன்பது லெவல்கள். க்ரீன் ஹில் 1991, கெமிக்கல் பிளான்ட் 1992, ஸ்கை சாங்சுவரி 1994. இந்த மூன்றும் படுக்கையாக ஓடுகிற பழைய காலம். அடுத்த மூன்று, ஸ்பீட் ஹைவே 1998, சிட்டி எஸ்கேப் 2001, சீசைட் ஹில் 2003. கடைசி மூன்று, க்ரைசிஸ் சிட்டி 2006, ரூஃப்டாப் ரன் 2008, பிளானட் விஸ்ப் 2010. ஒவ்வொன்றிலும் ஒரு கிளாசிக் ஆக்ட், ஒரு மாடர்ன் ஆக்ட், மொத்தம் பதினெட்டு. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். என் பாயின்ட் என்னவென்றால், முதல் மூன்றில் கிளாசிக் ஆக்ட்தான் பழசு, மாடர்ன் ஆக்ட்தான் புதுசாகக் கற்பனை செய்தது. கடைசிப் பக்கம் போகப் போக அது திரும்பிவிடும். ரூஃப்டாப் ரன் முதலிலிருந்தே பூஸ்ட் சோனிக்குக்காகக் கட்டிய ஊர், அதனால் அதன் மாடர்ன் ஆக்ட்தான் "சொந்த ஊர்", கிளாசிக் ஆக்டில் குட்டி சோனிக் தான் பார்த்தே இராத ஒரு ஊரின் கூரைகளில் உருண்டுகொண்டிருப்பான். இதுவரை இருந்ததே இல்லாத ஒரு பழைய லெவலை 2011-ல் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், 2008-ல் வந்த ஒரு இடம் 1993-ல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. நீங்கள் க்ரீன் ஹில்லோடு நிறுத்திவிட்டால் இதில் பாதியைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

சிட்டி எஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் சோனிக் அட்வென்ச்சர் 2-வின் முதல் லெவல், ஹெலிகாப்டரிலிருந்து குதித்து ஒரு இரும்புத் தகட்டைக் காலில் போட்டுக்கொண்டு மேடு பள்ளமான தெருக்களில் சறுக்கி வருவான், சான் ஃப்ரான்சிஸ்கோ சாயலில் ஒரு நகரம். கடைசியில் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி துரத்தும், கேமரா சோனிக்கின் முகத்தைப் பார்த்தபடி இருக்கும், சோனிக் நம்மை நோக்கி ஓடி வரவேண்டும். இதைப் படுக்கையாக ஓடும் 2டி-யில் எப்படிச் செய்வது? முன்னால் ஓடி வருவதற்கு அங்கே இடமே கிடையாது. அவர்கள் செய்தது, லாரியைப் பின்னணியில் விட்டுவிட்டார்கள். நீங்கள் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், தூரத்தில் அது வரும், திடீரென்று சுவரை உடைத்துக்கொண்டு உங்கள் தடத்துக்குள் நுழையும், மறுபடி காணாமல் போகும். முதல் தடவை சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மாடர்ன் ஆக்டில் அதே லாரிக்கு ரம்பங்கள் முளைத்திருக்கும், அதை நீங்களே பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் க்ரைசிஸ் சிட்டி என்று சொல்வேன், சண்டைக்கு ஆள் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். 2006-ல் சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் என்ற பெயரிலேயே வந்த அந்த கேம் எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும், பொறுமையைச் சோதிக்கும் லோடிங், தரையில் புதைந்துபோகும் சோனிக், சொல்லி முடியாது. அதிலிருந்து எடுக்க ஏதாவது இருக்குமா என்று அப்போது எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எரிந்துபோன நகரம், நடுவே சுழலும் நெருப்புச் சூறாவளி என்ற எண்ணம் அன்றைக்கும் நல்ல எண்ணம்தான், ஆடத்தான் முடியவில்லை. இங்கே அது ஆட முடிகிற லெவலாகிவிட்டது. கிளாசிக் ஆக்டில் ஒரு குறும்பு, முடிவுப் பலகை கண்ணுக்குத் தெரிந்ததும் அப்பாடா என்று ஓடினால், சூறாவளி அந்தப் பலகையையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். சோனிக் கேம்களில் வந்து தொட்டதும் சுற்றுகிற அந்தப் பலகையை நாம் எத்தனை நூறு முறை நம்பியிருக்கிறோம்! அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறது, பின்னால் நீங்கள் ஓடவேண்டும். பழசை நன்றாகத் தெரிந்தவனுக்குத்தான் இந்த மாதிரி விளையாடத் தோன்றும்.

ஆகையால் தம்பி, தொடருங்கள். ஸ்பீட் ஹைவேயில் கண்ணாடிக் கட்டடத்தின் சுவரில் செங்குத்தாகக் கீழே ஓடும் இடம் வரும் வரைக்குமாவது.


ரிங் சிதறி:

எல்லாரும் தேன் தடவுகிறீர்கள், யாராவது ஒருவர் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டாமா.

வேகத்தடை அண்ணா, மாடர்ன் பக்கம் கஷ்டமாக இருக்கிறது என்கிறீர்கள், எனக்கு நேர் எதிர். மாடர்ன் அருமை. உங்களுக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கிறது என்கிறீர்களே அந்தக் கிளாசிக் பக்கம், அங்கேதான் எனக்கு உறுத்தல். ஒரு சோதனை செய்து பாருங்கள். எமுலேட்டரில் சோனிக் 2 போட்டு, ஒரு நீளமான சரிவின் உச்சியில் நின்று மெதுவாக நடந்து, சரிவு ஆரம்பிக்கும்போது கீழ் பட்டனை அமுக்கிப் பந்தாகச் சுருளுங்கள். சரிவு உங்களை இழுக்கும், இறங்க இறங்க வேகம் ஏறும், அந்த வேகத்தில் எதிர்மேட்டில் ஏறி, உச்சியில் தாவினால் எங்கோ உயரத்தில் போய் விழுவீர்கள். பழைய சோனிக்கின் உயிர் அங்கேதான், மலையின் சரிவே பெட்ரோல். இப்போது ஜெனரேஷன்ஸில் அதே மாதிரி உருண்டு பாருங்கள். அந்த இழுப்பு இல்லை. அதற்குப் பதில் ஸ்பின் டேஷ் ஒன்றைக் கொடுத்து, நின்ற இடத்திலிருந்தே பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்ப வைத்துவிட்டார்கள். சரிவு எதற்கு, மேடு எதற்கு, அமுக்கு, பறந்துவிடு. இன்னொன்று, சோனிக் 1-ல் ஸ்பின் டேஷே கிடையாது, அது 1992-ல் சோனிக் 2-வில் வந்தது. அதாவது உங்கள் மனப்பாட க்ரீன் ஹில், ஸ்பின் டேஷ் இல்லாதவனுக்காக வரைந்த ஊர். ஹிரோகாசு யாசுஹாரா அந்த லெவல்களை வடிவமைத்தபோது வேகம் எடுக்க எங்கே இறக்கம் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தது இங்கே வெறும் காட்சியாகிவிடுகிறது.

வெளியே அழகாக இருந்து உள்ளே கால் மாறிப்போன கதை இது ஒன்று மட்டும் இல்லை. 2017-ல் க்ராஷ் பாண்டிகூட் மூன்று கேமையும் புதுசாகக் கட்டினார்களே, என். சேன் ட்ரிலஜி, அதில் லெவல்களை அச்சு அசலாக அளவெடுத்து வைத்தார்கள். ஆனால் க்ராஷின் காலடியை மட்டும் மாத்திரை மாதிரி உருண்டையாக ஆக்கிவிட்டதால் விளிம்பில் இறங்கினால் வழுக்கும். முதல் பாகத்தில் பலகைகள் உதிரும் தொங்குபாலம் ஒன்று வரும், ஹை ரோடு என்று. பழைய கேமில் விளிம்பில் கால் பட்டால் போதும், நின்றுவிடுவோம். புதுசில் பார்வைக்கு அதே பாலம், கை பழக்கத்தில் தாவினால் பள்ளத்திலே. செய்தவர்களே பிறகு இதை ஒத்துக்கொண்டார்கள். லெவலை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினாலும் லெவல் மாறிவிடுகிறது.

அதனால்தான் எனக்கு மேனியா ஒரு படி மேல். அதைச் செய்தவர்கள் ரசிகர்களாக இருந்து வந்தவர்கள், கிறிஸ்டியன் வைட்ஹெட் 2011-லேயே சோனிக் சிடியைப் புதுசாக எழுதிக் கொடுத்தவர். முதலில் அந்தப் பழைய இழுப்பை அப்படியே கொண்டுவந்தார்கள், அதற்கு மேல்தான் லெவலில் கை வைத்தார்கள். பன்னிரண்டு ஸோன், அதாவது லெவல், அதில் எட்டு பழசு. முதல் ஆக்டில் உங்களுக்குத் தெரிந்த வழிகளைக் காட்டி தோளில் கை போட்டுப் பேசிவிட்டு, இரண்டாவது ஆக்டில் வேறு எங்கோ கூட்டிக்கொண்டு போவார்கள். கெமிக்கல் பிளான்ட் இரண்டாவது ஆக்ட் முடிவில் பாஸ் சண்டை என்று தயாராக நின்றால், வில்லன் எக்மேன் எதிரே உட்கார்ந்து கலர் கலராக விழும் உருண்டைகளை அடுக்கும் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். நான் வாய்விட்டுச் சிரித்தேன், அண்ணா. அந்த மாதிரி ஒரு தைரியம் ஜெனரேஷன்ஸில் எங்கே?

க்ரைசிஸ் சிட்டி பலகை நல்ல குறும்புதான், பழைய கேசட் அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை.


பழைய கேசட்:

சரிவு விஷயத்தில் சரணடைகிறேன், நீ சொல்வது சரி. ஆனால் மேனியாவில் கை வைத்தது எல்லாம் பிறப்பிலேயே 2டி-யாக இருந்த லெவல்கள், அதில் சிட்டி எஸ்கேப் கிடையாது, க்ரைசிஸ் சிட்டி கிடையாது. தெரிந்த பாட்டை இன்னும் நன்றாகப் பாடுவது வேறு, வயலின் பாட்டை நாதஸ்வரத்துக்கு மாற்றுவது வேறு. இரண்டாவதில் அபஸ்வரம் கொஞ்சம் வரத்தான் செய்யும்.


இரவுப்பணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இரண்டு நடைமுறை விஷயம் மட்டும்.

2024 அக்டோபரில் வந்த பதிப்பில் குட்டி சோனிக்குக்கு டிராப் டேஷ் சேர்த்திருக்கிறார்கள், மேனியாவில் அறிமுகமானது. தாவும்போது காற்றிலேயே பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தால் தரையில் விழுந்த நொடியே உருண்டு கிளம்பும். ரிங் சிதறி சொல்கிற குறை இதனால் தீராது, ஆனாலும் நின்று நின்று ஸ்பின் டேஷ் போடுவதற்கு இது தேவலை. பழக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நீங்கள் எதில் ஆடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. பழைய ஸ்விட்சில் நொடிக்கு 30 ஃப்ரேம்தான், பிஎஸ்5-ல் 60. மாடர்ன் ஆக்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு மட்டும் இல்லை, கைக்கும் தெரியும், முள்ளைப் பார்ப்பதற்கும் தடம் மாறுவதற்கும் நடுவே கிடைப்பதே ஒரு கண்ணிமைப்பு நேரம், அதில் பாதிப் படம் குறைந்தால் குறைந்ததுதான். 2011-ல் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஆடியவர்கள் எல்லாரும் 30-ல்தான் எஸ் வாங்கினார்கள் என்பதும் உண்மை, அதனால் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

அப்புறம் லெவல்களுக்குப் போகும் வாசல்கள் இருக்கிற அந்த வெள்ளை வெளியில் கேட்டுக்கு மேல் இருக்கும் சவால்களை எல்லாம் செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை. லெவலுக்குப் பத்து, மொத்தம் தொண்ணூறு. மூன்று லெவல் முடித்ததும் பாஸ் கதவுக்குச் சாவி வேண்டும், அதற்கு லெவலுக்கு ஒன்று செய்தால் போதும். முதலில் தெரியாமல் எல்லாவற்றையும் செய்யப் போய் நான் க்ரீன் ஹில்லிலேயே ஒரு வாரம் குடியிருந்தேன்.

ஷேடோ பக்கத்தைக் கடைசிக்கு வைத்தது நல்லது. அதிலும் பழைய லெவல்களைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், ஸ்பேஸ் காலனி ஆர்க், ரெயில் கேன்யன், ரேடிகல் ஹைவே என்று, ஆனால் அது பதின்மூன்று வருஷம் கழித்துச் செய்தது. அதை முதலில் ஆடிவிட்டு இங்கே வந்தால் இது கொஞ்சம் கட்டை வண்டியாகத் தெரியும்.


வேகத்தடை:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பிஎஸ்5-ல்தான் ஆடுகிறேன், ஆக சாக்கு எதுவும் கையில் இல்லை.

மூன்று நாள் கழித்து வருகிறேன், ரிப்போர்ட் இதோ. பச்சைமலை அண்ணன் சொன்னபடி க்ரீன் ஹில் மாடர்ன் ஆக்டை ஒரு முறை பூஸ்ட்டே தொடாமல் நடந்தே முடித்தேன். மீனைப் பார்த்தேன்! வாயைத் திறந்துகொண்டு பாலத்தோடு சேர்த்து மென்றுகொண்டு வந்தது, என் மனைவி "ஐயோ ஓடுங்க ஓடுங்க" என்று கத்தினாள், ஓடினேன், தப்பித்தேன். மெதுவாகப் போனதில்தான் தெரிந்தது, மேலே ஒரு வழி, நடுவே ஒரு வழி, கீழே ஒரு வழி என்று பழைய க்ரீன் ஹில் மாதிரியே இதிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், தடுக்கி விழுகிறவன் கீழ்வழியில் போவான், தெரிந்தவன் மேலேயே போவான். வழிகள் வேறு, ஆனால் வழி பிரிகிற விதம் அதேதான். இது எனக்கு முதலில் தெரியவே இல்லை, ஏனென்றால் விழுந்துகொண்டே இருந்ததால் கீழ்வழியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தோள் பட்டன். அதைத் தொட்ட பிறகு அது வேறு கேம். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, எண்ணவில்லை, மூன்று நிமிடத்துக்குள் வந்து எஸ் வாங்கிவிட்டேன். கடைசி நேர்பாதையில் சேர்த்து வைத்த பூஸ்ட்டை மொத்தமாக அவிழ்த்துவிட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், மாமா வீட்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்த ஞாபகம் வந்தது.

ரிங் சிதறி சொன்ன சோதனையையும் செய்தேன். தம்பி, நீ என்னைக் கெடுத்துவிட்டாய். இத்தனை நாள் சந்தோஷமாகக் குட்டி சோனிக்கை ஆடிக்கொண்டிருந்தேன், இப்போது ஒவ்வொரு இறக்கத்திலும் "இழுக்கிறதா இல்லையா" என்று கவனித்துக்கொண்டே போகிறேன். இழுக்கவில்லைதான். மேனியா விருப்பப் பட்டியலில் போட்டாகிவிட்டது.

சிட்டி எஸ்கேப் நேற்று ராத்திரி முடித்தேன், கிளாசிக்கில் அந்த லாரி முதல் முறை சுவரை உடைத்தபோது கன்ட்ரோலர் கையை விட்டுப் போய் மடியில் விழுந்தது. பழைய கேசட் அண்ணே, முன்கூட்டியே சொல்லியும் விழுந்தது.

இப்போது பிளானட் விஸ்பில் நிற்கிறேன். இளஞ்சிவப்பு முள் பந்தாகி சுவரில் ஒட்டி ஒட்டி ஏறவேண்டியிருக்கிறது, பத்து நிமிடமாக ஒரே தொழிற்சாலைக்குள் சுற்றுகிறேன், முடிவுப் பலகையைக் காணோம். இதையும் சூறாவளி எடுத்துக்கொண்டு போய்விட்டதா?


ரிங் சிதறி:

இல்லை அண்ணா, அந்த லெவலே அவ்வளவு நீளம்தான். கேமிலேயே எனக்குப் பிடிக்காத ஆக்ட் அது. முள் பந்தாக இருக்கும்போது அவசரப்படாதீர்கள், கூரையில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகவும் உருளலாம். நான் அது தெரியாமல் தரையிலேயே தேடிக்கொண்டு சுற்றினேன். மேலே பாருங்கள்.